கடல் மாசு நம் உடம்புக்குள் வரும் வழி

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: "கடல் இவ்வளவு பெரியது. எதைக் கொட்டினாலும் கரைந்து போய்விடாதா? கடல் மாசால் மனிதர்களுக்கு உண்மையிலேயே நோய் வருமா, இல்லை ஆமைக்கும் மீனுக்கும்தான் ஆபத்தா? வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள், மீன் கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விதான் அவசரமானது, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கொடுங்கள். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சிறிய மீன்கள் கர்ப்ப காலத்துக்கு நல்ல உணவு. தவிர்க்க வேண்டியவை மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் பெரிய மீன்கள்: சுறா, மயில்மீன், கொப்பரன், பெரிய சூரை. வஞ்சிரம் அடிக்கடி வேண்டாம். இப்படிப் பிரித்துச் சொல்வதற்குப் பின்னால் ஒரு ஊரே கொடுத்த விலை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

மினமாட்டா, ஜப்பானின் தெற்கில் கியூஷூ தீவில் உள்ள சிறிய கடலோர ஊர். எதிரே தீவுகள் அரணாக நிற்பதால் அங்கே அலை குறைவு, மீன் அதிகம். 1908 முதல் அங்கே ஒரு ரசாயன ஆலை இருந்தது. பிற்காலத்தில் அதன் பெயர் சிஸ்ஸோ. ஊரில் பலருக்கு வேலை கொடுத்ததும் அதுதான். 1932 முதல் அந்த ஆலை அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தது. தயாரிப்பில் வினையூக்கியாகப் பாதரசம் சேர்ப்பார்கள். அதில் ஒரு சிறு பங்கு மெத்தில் பாதரசமாக, அதாவது உடம்பில் சேர்ந்து நரம்பைக் கெடுக்கும் வடிவமாக, மாறிவிடும். கழிவுநீர் நேராக விரிகுடாவுக்குப் போனது.

முதலில் விழுந்தவை பூனைகள். வலையைக் கடிக்கும் எலிகளுக்காக மீனவர் வீடுகளில் பூனை வளர்ப்பார்கள், மீன் மிச்சம்தான் அவற்றுக்குத் தீனி. 1950களின் தொடக்கத்தில் அந்தப் பூனைகள் தள்ளாடின, பித்துப் பிடித்த மாதிரி சுழன்றன, சில கடலில் போய் விழுந்து செத்தன. பறந்துகொண்டிருந்த காக்கைகள் கீழே விழுந்தன. மனிதர்கள் சாப்பிட்டதும் அதே மீனைத்தான், அதுவும் மூன்று வேளையும்.

1956 ஏப்ரல் 21 அன்று ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நடை தடுமாறியது, பேச்சு குழறியது, வலிப்பு வந்தது. இரண்டே நாளில் அவள் தங்கைக்கும் அதே நிலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கிறது என்று தாய் சொன்னார். வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் இன்னும் எட்டு நோயாளிகள். மே 1ஆம் தேதி மருத்துவமனையின் இயக்குநர் ஹஜிமே ஹோசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். தொற்றுநோய் என்று நினைத்து நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள், வீடுகளில் கிருமிநாசினி தெளித்தார்கள். அந்தக் குடும்பங்களை ஊர் ஒதுக்கிவைத்தது.

அதே ஆண்டு நவம்பரிலேயே குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு, இது தொற்றுநோய் இல்லை, மீன் வழியாக வரும் கன உலோக விஷம் என்று சொல்லிவிட்டது. அப்போதே மீன்பிடிப்பை நிறுத்தி, ஆலையின் குழாயை அடைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. விரிகுடாவில் உள்ள எல்லா மீனும் விஷமாகிவிட்டது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று சொல்லி, 1957இல் சுகாதார அமைச்சகம் தடை போட மறுத்தது. 1958இல் ஆலை தன் கழிவுநீரை வேறு பக்கம், ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டது. கொஞ்ச காலத்தில், அதுவரை நோயே இல்லாத வடக்குக் கரையிலும் நோயாளிகள் வந்தார்கள். கழிவைத் திருப்பிவிட்ட திசையிலேயே நோயும் போனது. ஆதாரம் கேட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்?

1959இல் காரணம் கரிமப் பாதரசம்தான் (மெத்தில் பாதரசம் அந்த வகைதான்) என்று பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. ஆலையின் கழிவுக் கால்வாய் வாயில் எடுத்த சேற்றில் டன்னுக்கு 2 கிலோ பாதரசம் இருந்தது. அந்தப் பகுதி மக்களின் தலைமுடியில் அதிகபட்சமாக 705 பிபிஎம் (பத்து லட்சத்தில் 705 பங்கு) வரை பாதரசம் அளக்கப்பட்டது. மினமாட்டாவுக்கு வெளியே வாழ்ந்தவர்களிடம் சராசரி 4 பிபிஎம். அதே ஆண்டு ஹோசோகாவா ஒரு சோதனை செய்தார். ஆலையின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். பதிவேட்டில் அதன் எண் 400. அக்டோபரில் அந்தப் பூனைக்கும் அதே தள்ளாட்டம், அதே வலிப்பு. முடிவை ஆலை வெளியில் விடவில்லை. 1970இல் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தபோதுதான் ஹோசோகாவா இதை நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகச் சொன்னார். அதற்குள் ஆலை அசிட்டால்டிஹைடு உற்பத்தியை 1968 மே மாதத்தில் நிறுத்தியிருந்தது. செப்டம்பரில் அரசும் காரணத்தை ஒப்புக்கொண்டது. முதல் நோயாளியிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் மக்கள் அந்த மீனைச் சாப்பிட்டார்கள்.

இப்போது கர்ப்பிணி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் பிறந்த சில குழந்தைகளுக்குக் கழுத்து நிற்கவில்லை, கைகால் முறுக்கிக்கொண்டன, பேச்சு வரவில்லை. அவர்கள் ஒருபோதும் மீன் சாப்பிட்டவர்கள் இல்லை. தாய்மார்களில் பலர் பார்வைக்கு நலமாகவே இருந்தார்கள், கை விரல்கள் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். அதனால் பல ஆண்டுகள் இதைச் சாதாரண மூளை வாதம் என்றே எழுதிவந்தார்கள். நஞ்சுக்கொடி குழந்தையை விஷத்திலிருந்து காக்கும் என்பது அன்றைய மருத்துவத்தின் நம்பிக்கை. மசசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய் இந்தக் குழந்தைகளைப் பரிசோதித்தார். 1962 நவம்பரில் 16 குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மினமாட்டா நோய் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டுகிறது என்று மட்டுமல்ல, தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாகச் சேர்கிறது என்றும் பின்னால் தெரிந்தது.

இதற்குச் சான்று வீடுகளிலேயே இருந்தது. ஜப்பானியக் குடும்பங்களில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் துண்டைக் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். அந்தப் பெட்டிகளைத் திறந்து, பிறந்த ஆண்டு வாரியாகப் பாதரசத்தை அளந்தார்கள். ஆலை அதிகம் உற்பத்தி செய்த ஆண்டுகளில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் அதிகம். குழந்தையின் நினைவாக அம்மா எடுத்துவைத்தது, பின்னால் இப்படிச் சாட்சியாகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

மினமாட்டா நோயாளிகள் என்று அரசு சான்று கொடுத்தது 2,200 சொச்சம் பேருக்கு. சான்று கிடைக்காமல், பிற்கால நிவாரணத் திட்டங்களில் உதவி பெற்றவர்கள் பல பத்தாயிரம் பேர். விரிகுடாவின் சேற்றை வாரி, 58 ஹெக்டேரை மண் போட்டு மூடும் வேலை 1977 முதல் 1990 வரை நடந்தது. மீன் வெளியே போகாமல் கடலில் கட்டிய வலையை 1997இல்தான் எடுத்தார்கள்.

சரி, "கரைந்து போகாதா?" என்ற கேள்விக்கு வருவோம். தண்ணீரில் கரைவது உண்மைதான். கடல்நீரை அளந்தால் மெத்தில் பாதரசம் மிக மிகக் கொஞ்சமாகவே இருக்கும். ஆனால் உயிர்கள் அதைத் திரும்பச் சேர்க்கின்றன. நுண்பாசி நீரிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தின்னும் சின்னஞ்சிறு மிதவை உயிரி, அதைத் தின்னும் சிறுமீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அளவு ஏறும், ஏனென்றால் உள்ளே போகும் வேகத்தில் அது வெளியே வருவதில்லை. மேல்படியில் இருக்கும் பெரிய மீனின் சதையில், சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் இருக்கும். சுறா பல ஆண்டு வாழும், அத்தனை ஆண்டும் சேர்த்துக்கொண்டே போகும். நெத்திலிக்கு ஆயுளும் குறைவு, அது தின்பதும் மிதவை உயிரியை. ஆகவே நெத்திலிக்கும் சுறாவுக்கும் உள்ள வித்தியாசம் ருசியிலும் விலையிலும் மட்டும் இல்லை.

மனித உடம்பில் போன மெத்தில் பாதரசத்தில் பாதி வெளியேறச் சுமார் 50 நாள் ஆகும். நம் உடம்பு அதைப் புரதத்தின் ஒரு துண்டு என்று நினைத்து மூளைக்குள்ளேயே அனுமதித்துவிடுகிறது. சிறுமூளை கெட்டால் நடை தள்ளாடும், பார்வைப் பகுதி கெட்டால் பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். செத்த நரம்பணு திரும்ப வராது.

மினமாட்டா அளவுக்கு மாசு இருந்தால்தானே ஆபத்து என்று தோன்றலாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில் 1986-87இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளை ஃபிலிப் கிராஞ்சான் என்ற ஆய்வாளரின் குழு தொடர்ந்து பார்த்துவந்தது. அங்கே ஆலை எதுவும் பாதரசம் கொட்டவில்லை. ஆனால் மக்கள் பைலட் திமிங்கிலத்தின் இறைச்சி சாப்பிடுவார்கள், அது உணவுச் சங்கிலியின் உச்சியில் உள்ள பிராணி. வயிற்றில் இருக்கும்போது அதிகப் பாதரசம் பட்ட குழந்தைகள் ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் சோதனைகளில் கொஞ்சம் பின்தங்கினார்கள். பார்த்தவுடன் தெரிகிற ஊனம் எதுவும் இல்லை, அளந்தால் மட்டும் தெரிகிற குறை. இன்னொரு பக்கம், தினமும் கடல்மீன் சாப்பிடும் செஷல்ஸ் தீவுகளில் நடந்த ஆய்வில் அப்படித் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. மீனில் உள்ள ஒமேகா-3 போன்ற சத்துகள் மூளை வளர்ச்சிக்கு உதவுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். என் கணிப்பில் இந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று வெட்டவில்லை. மீனை விடாதே, மீனைத் தேர்ந்தெடு என்றுதான் இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

இன்றைக்குக் கடலுக்குப் போகும் பாதரசத்துக்கு முக்கியமான இரண்டு மூலங்கள், சிறிய அளவில் நடக்கும் தங்கச் சுரங்கங்களும் நிலக்கரி எரிப்பதும். நிலக்கரியில் இருக்கும் துளிப் பாதரசம் புகையோடு மேலே போய், மழையோடு எங்கோ இறங்கும். அதனால்தான் பக்கத்தில் ஆலையே இல்லாத கடலின் மீனிலும் அது இருக்கிறது. இதைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். 2017இல் அது நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

அடுத்து எல்லாரும் கேட்பது: நன்றாகச் சமைத்தால் போய்விடாதா? எது உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொரித்தாலும் போகாது, மஞ்சள் தடவி ஊறவைத்தாலும் போகாது, தோலை உரித்தாலும் போகாது. சாக்கடையிலிருந்து வரும் கிருமி என்றால் கதை வேறு. 1988 தொடக்கத்தில் சீனாவின் ஷாங்காயில் சுமார் மூன்று லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ, அதாவது ஒரு வகை மஞ்சள் காமாலை வந்தது. காரணம், சாக்கடை கலந்த கரையோரத்தில் எடுத்த மட்டி. அங்கே மட்டியைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, அரைவேக்காட்டில் சாப்பிடுவது வழக்கம். மட்டியும் சிப்பியும் நீரை உள்ளே இழுத்து வடிகட்டித்தான் இரை எடுக்கும். நன்றாக வளர்ந்த ஒரு சிப்பி ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட வடிகட்டும். நீரில் பரவலாக இருந்த கிருமி அதனுள் குவிந்துவிடும். நாம் அதைக் குடலோடு சேர்த்து முழுதாகச் சாப்பிடுகிறோம். நன்றாக வேகவைத்திருந்தால் அந்தக் காமாலையைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

மூன்றாவது வகை, சில நுண்பாசிகள் சுரக்கும் நஞ்சு. 1981இல் தமிழ்நாட்டுக் கடலோரத்திலேயே நடந்திருக்கிறது: மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தார்கள். உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கவைக்கும் நஞ்சு அது. கொதிக்கவைத்தாலும் அழியாது. இத்தகைய பாசிப் பெருக்கம் இயற்கையாகவும் வரும். வயலிலிருந்து வழியும் உரமும் ஊரின் சாக்கடையும் பல இடங்களில் அதைத் தூண்டிவிடுகின்றன. கடல் நிறம் மாறியிருக்கும் நாள்களில் அந்தப் பகுதி மட்டியைத் தொட வேண்டாம். மட்டி சாப்பிட்ட பிறகு வாய் மரத்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டைத் தவிர வேறு வழியிலும் கடல் மாசு உடம்புக்குள் வரும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. தொழிலாளர்களும் மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் முதல் சில நாள்கள் மீனவர்கள்தான் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். எண்ணெயிலிருந்து எழும் ஆவி தலைவலி, மயக்கம், கண் எரிச்சல், இருமல் எல்லாம் கொடுக்கும். தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் வரும். இதெல்லாம் ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. 2002இல் ஸ்பெயின் கடலோரத்தில் பிரெஸ்டீஜ் கப்பல் மூழ்கியபோது எண்ணெய் அள்ளிய மீனவர்களை ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். மூச்சுத் தொந்தரவு பலருக்கு நீடித்தது, ரத்த அணுக்களின் குரோமோசோம்களில் சேதமும் தென்பட்டது. ஆகவே எண்ணெய் அள்ளப் போகிறவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் கொடுப்பது ஏற்பாடு செய்பவர்களின் கடமை. துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் ஆவி தடைபடாது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தேடுகிறவர்களுக்கு அந்த நீரிலிருந்து ஒதுங்கி நிற்கவே வழியில்லை. மாசு என்றால் நமக்கு மீனில் கொஞ்சம், அவர்களுக்கு அதுவே வேலை செய்யும் இடம்.

பிளாஸ்டிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது இன்னும் குறைவு. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்த பெட்டிகள் அதில் இருந்தன. இலங்கையின் மேற்குக் கரை மணலில் அந்தக் குருணை கனமாகப் படிந்தது. அப்படிப்பட்டதெல்லாம் பொடிந்து நுண்துகளாகி மீனின் குடலுக்குப் போகிறது. இத்தாலியில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அகற்றிய 257 பேரில் 150 பேரின் அடைப்புக்குள் பிளாஸ்டிக் துகள் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை மற்றவர்களைவிடச் சுமார் நான்கரை மடங்கு அதிகம் நேர்ந்தன. துகள்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, அது கடலிலிருந்து வந்தது என்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலும் வீட்டுத் தூசியும்கூட அதற்கு வழிதான். மீனைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்வது இதில் கொஞ்சம் உதவும். நெத்திலிக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளிவிட்டுச் சமைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் மருமகளுக்கு. வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறிய மீன் கொடுங்கள், நன்றாக வேகவைத்து. கர்ப்ப காலத்தில் சுறா வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு பால் ஊறும் என்று சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். அதற்குப் பயன்படும் பால் சுறா சிறிய இனம், மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் அளவுக்குத் தாய்ப்பால் வழியாகப் போவதும் இல்லை. எப்போதாவது ஒரு முறை கொடுத்துவிட்டதற்காகப் பதற வேண்டாம், ஆனால் தினமும் வேண்டாம். மத்தி மீனில் புட்டு செய்தாலும் நன்றாக வரும். பாதரசம் குறைய மாதங்கள் ஆகும் என்பதால், வீட்டில் அடுத்து யாராவது குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால், பெரிய மீன்களை ஆறு மாதம் முன்பே குறைக்கச் சொல்லுங்கள்.